குடல் அறுவைக்குப் பின் மலச்சிக்கல் வராமல் காத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடலில் அறுவை முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிற உறவினர்கள், திருநெல்வேலிப் பக்கத்தில் முதலில் கேட்பது “வெளிக்குப் போனாங்களா?” என்பதைத்தான். கேள்வியில் அக்கறை இருக்கிறது. ஆனால் “இன்னும் இல்லை” என்று சொன்ன மறுநொடியே ஒருவர் விளக்கெண்ணெயையும், இன்னொருவர் நிலாவாரைப் பொடியையும், மற்றொருவர் பனங்கிழங்கையும் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். என் தாயாருக்குப் பெருங்குடலின் ஒரு பகுதியை அகற்றியபின் ஆறு வாரம் உடனிருந்து கவனித்தவன் நான். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எழுந்த கேள்விகளையும், பின்னர் இதே நிலையில் இருந்த குடும்பங்கள் என்னிடம் கேட்டவற்றையும், மருத்துவரிடமும் செவிலியரிடமும் கேட்டுத் தெளிந்த பதில்களோடு இங்கே எழுதுகிறேன். உங்கள் அறுவை மருத்துவர் சொன்னது இதற்கு மாறாக இருந்தால், உங்கள் வயிற்றைத் திறந்து பார்த்தவர் அவர்தான் என்பதால், அவர் சொல்லையே பின்பற்றுங்கள்.

அறுவை முடிந்து நான்கு நாளாகியும் மலம் வரவில்லை. இது மலச்சிக்கலா?

பெரும்பாலும் இல்லை. குடலைக் கையால் தொட்டு, வெட்டி, இணைத்த பிறகு அது சில நாட்கள் அசைவற்றுக் கிடப்பது இயல்பு. சிறுகுடல் ஏறத்தாழ ஒரு நாளுக்குள் மறுபடி அசையத் தொடங்கும். இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாளாகும். பெருங்குடல்தான் கடைசியில், இரண்டு மூன்று நாள் கழித்து, விழித்துக்கொள்ளும். பலருக்கு அறுவைக்கு முன்பே மருந்து கொடுத்துக் குடலைக் கழுவியிருப்பார்கள். அதன் பிறகு சில நாட்கள் கஞ்சித் தண்ணீரும் குளுக்கோசும் தவிர வேறெதுவும் உள்ளே போயிருக்காது. வெறும் குடலிலிருந்து மலம் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை. அந்த நாட்களில் கவனிக்க வேண்டியது காற்று பிரிகிறதா என்பதையே. நோயாளி வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பார். செவிலியர் அதைத்தான் ஒவ்வொரு முறையும் கேட்கிறார் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் எத்தனை நாள் பொறுத்திருக்கலாம்? சாதாரண மலச்சிக்கலையும் குடலடைப்பையும் எப்படிப் பிரித்தறிவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் படியுங்கள்.

உடல் நலத்தோடு இருப்பவர்களிலேயே நாளொன்றுக்கு மூன்று முறை போகிறவரும் உண்டு, வாரத்துக்கு மூன்று முறை போகிறவரும் உண்டு, இரண்டும் இயல்பே. ஆகவே நாட்கணக்கைவிட மலத்தின் தன்மையே முக்கியம். ஆட்டுப் புழுக்கை போல உருண்டை உருண்டையாகவோ, கட்டியாக வெடிப்பு விட்டோ வந்தால், தினமும் வந்தாலும் அது மலச்சிக்கல்தான். வாழைப்பழம் போல மிருதுவாக, முக்காமல் வந்தால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தாலும் கவலையில்லை. சாப்பிடுகிறார், காற்று பிரிகிறது, வயிறு தளர்வாக இருக்கிறது, ஆனால் மூன்று நாளாக மலம் மட்டும் வரவில்லை என்றால், அது குடல் மெதுவாகிவிட்டதைக் காட்டுகிறது. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லி, மலமிளக்கி தொடங்கலாமா, கொடுத்திருப்பதன் அளவைக் கூட்டலாமா என்று கேளுங்கள்.

மலமும் இல்லை, காற்றும் இல்லை, வயிறு உப்பிக்கொண்டே போகிறது, வலி விட்டு விட்டு முறுக்குகிறது, குமட்டலும் வாந்தியும், அதிலும் பச்சையாக வாந்தியும் வருகிறது என்றால், அது குடலடைப்பாக இருக்கலாம். அப்போது வாயால் உணவோ மலமிளக்கியோ எதுவும் கொடுக்கக் கூடாது. அடைபட்ட குழாயில் மேலிருந்து மேலும் மேலும் ஊற்றி அழுத்துவது போன்றது அது. குடல் கிழியும் அளவுக்குப் போகக்கூடும். உடனே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நடுக்கம், நாடி வேகமாக ஓடுதல், தொட முடியாத வயிற்று வலி ஆகியவை குடல் இணைப்பில் கசிவு ஏற்பட்டிருப்பதைக் காட்டலாம்; அது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், அதிலும் ஐந்தாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை, அதிகம் வருவது. தென்காசிக்கு அப்பாலோ, களக்காடு, திசையன்விளைப் பக்கத்துக் கிராமங்களிலோ இருப்பவர்கள், “விடியட்டும், முதல் பஸ்ஸுக்குப் போகலாம்” என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மலச்சிக்கல் ஏன் வருகிறது? அறுவைக்கு முன்பு என் தகப்பனாருக்கு இந்தத் தொல்லையே இருந்ததில்லையே?

காரணம் ஒன்றல்ல, பல சேர்ந்து வருகின்றன. முதலில் வலி மருந்து: மார்ஃபின், டிராமடால், கோடீன் வகையைச் சேர்ந்தவை மூளையில் வலியைத் தணிப்பது போலவே குடல் சுவரிலும் வேலை செய்து அதன் அசைவைக் குறைக்கின்றன, மலம் உள்ளே தங்கும் நேரம் கூடக்கூட அதிலுள்ள நீர் உறிஞ்சப்பட்டு இறுகிவிடுகிறது. இரத்தக் குறைவுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை, வாந்தியை நிறுத்தத் தரும் ஒண்டான்செட்ரான் ஆகியவையும் மலத்தைக் கட்டும். (இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கரும்பச்சையாக வருவது இயல்பு. தார் போலப் பளபளப்பாக, பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு வந்தால் அது இரத்தமாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.) இவற்றோடு படுத்தே கிடப்பது, குறைவாகச் சாப்பிடுவது, வெயில் காலத்தில் வியர்வையாக நீர் போய்விடுவது, தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் வருகிற உணர்வை அடக்கிக்கொள்வது என எல்லாம் சேர்கின்றன. கடைசியில் சொன்ன பயத்தை மருத்துவச் சீட்டில் எவரும் எழுத மாட்டார்கள்; ஆனால் என் தாயாரின் விஷயத்தில் பாதித் தொல்லை அதனால்தான் வந்தது.

அப்படியானால் வலி மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். வலி இருந்தால் நடக்க மாட்டார், இருமிச் சளியை வெளியேற்ற மாட்டார், கழிப்பறைக்குப் போகவும் அஞ்சுவார். டிராமடாலைக் குறைத்துப் பாராசிட்டமாலுக்கு மாற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பாராசிட்டமால் மலத்தைக் கட்டுவதில்லை. ஆனால் வேறு பெயரில் வருகிற மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும் என்பதால், நாளின் மொத்த அளவைக் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மற்ற வலி மாத்திரைகளை, குடலில் இணைப்பு உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் விழுங்கக் கூடாது.

முதல் சில வாரங்களில் என்ன கொடுக்கலாம்? கீரையும் பழமும் நிறையக் கொடுத்தால் மலம் இளகும்தானே?

இங்கேதான் நல்ல மனத்தோடு பெரிய தவறு நடக்கிறது. நலமாக இருப்பவருக்கு நார்ச்சத்து நல்லது என்பது உண்மை. ஆனால் குடலை வெட்டி இணைத்த இடம் முதல் சில வாரங்கள் வீங்கியிருக்கும். உள்வழி குறுகலாக இருக்கும். அந்தக் குறுகிய வழியில் சக்கையான உணவு போய்ச் சிக்கிக்கொள்ளும். அதனால் இரண்டு முதல் ஆறு வாரம் வரை, அறுவையின் வகையைப் பொறுத்து, நார் குறைந்த மிருதுவான உணவையே மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த நாட்களில் மலத்தை இளக்கும் வேலையை நீரும் நடையும் மருந்தும் செய்ய வேண்டும். நாரிடம் அதை ஒப்படைக்க முடியாது.

நம் ஊர்ச் சமையலில் இதற்கு ஏற்றவை எத்தனையோ உண்டு. இட்டிலி, இடியாப்பம், குழைய வடித்த அம்பை 16 அரிசிச் சோறு, நன்றாகக் கடைந்த பாசிப்பருப்பு, மோர், தயிர், வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன் ஆகியவை எல்லாம் ஆகும். காயில் தோலும் விதையும் நீக்கிய சுரை, புடலை, பீர்க்கை, பூசணி. சொதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: தேங்காயைப் பிழிந்து சக்கையை வடித்துவிட்டுப் பாலை மட்டும் சேர்ப்பதால், மறுவீட்டு விருந்தில் வைக்கிற அதே சொதியை, முருங்கைக்காயும் பச்சை மிளகாயும் இல்லாமல், உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் மட்டும் போட்டு, இரண்டாம் பாலில் நீர்க்க வைத்தால், அறுவை ஆன வயிற்றுக்கு அது இதமாக இறங்கும். என் தாயார் மூன்றாம் வாரத்தில் முதன்முதலாக மனம் ஒப்பிச் சாப்பிட்டது அதைத்தான்.

தள்ளி வைக்க வேண்டியவற்றில் முதலாவது பனங்கிழங்கு. மார்கழி, தை மாதங்களில் வீட்டுக்கு வீடு வேகவைத்துக் கொடுப்பார்கள். அதன் நாரை நன்றாக மென்றாலும் நார் நாராகத்தான் உள்ளே போகும். முருங்கைக்காய், கீரைத்தண்டு, தேங்காய்த் துருவல், கொய்யா விதை, பலாச்சுளை, சோளம், வேர்க்கடலை, ஆரஞ்சின் சவ்வு, நாருள்ள மாம்பழம் ஆகியவையும் அப்படியே. கூட்டாஞ்சோறும் அவியலும் ஆறு வாரம் பொறுத்திருக்கலாம். பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் அல்வாவில் நார் இல்லை என்பதால் அது அடைக்காது. ஆனால் அவ்வளவு நெய்யும் சர்க்கரையும் அறுவைக்குப் பிந்தைய வயிற்றுக்குப் பாரம். சர்க்கரை நோய் உள்ளவருக்கு அதைக் காட்டவே வேண்டாம்.

வாழைப்பழம் கொடுக்கலாமா?

நன்றாகக் கனிந்ததாக இருந்தால் பலருக்குக் கொடுக்கலாம். முதலில் அரைப் பழம் கொடுத்துப் பாருங்கள். செங்காயாக இருப்பதில் மாவுச்சத்து கூடுதல் என்பதால் அது சிலருக்கு மலத்தைக் கட்டும். களக்காட்டு ஏத்தன் பழத்தைத் தோல் கறுக்கும் வரை கனியவிட்டு, ஆவியில் வேகவைத்து, நடுவிலுள்ள விதை வரியை நீக்கிக் கொடுப்பது நல்ல முறை. வாழைத்தண்டும் வாழைப்பூவும் இப்போது வேண்டாம்.

நார்ச்சத்தை எப்போது திரும்பச் சேர்ப்பது? இசப்கோல் குடிக்கலாமா?

மருத்துவர் பரிசோதித்துச் சரி என்ற பிறகு, ஒரு நேரத்தில் ஒரு புது உணவாக, மூன்று நாளுக்கு ஒன்று என்ற நிதானத்தில் சேருங்கள். பப்பாளி, தோல் நீக்கிய ஆப்பிள், நைய வேகவைத்து மசித்த முருங்கைக்கீரை என்று தொடங்கி, பிறகு முழுப் பயறு, தொலி உளுந்தில் செய்யும் உளுந்தஞ்சோறு என்று போகலாம். உப்புசமோ முறுக்கு வலியோ வந்தால் ஒரு படி பின்வாங்குங்கள். இசப்கோல் என்னும் விதை உமி நீரை உறிஞ்சிப் பல மடங்கு உப்பும் தன்மையுடையது. போதிய நீர் இல்லாமல் குடித்தால் அதுவே அடைப்பாகிவிடும். ஆகவே மருத்துவர் சொன்ன பிறகே அதைத் தொடங்க வேண்டும். அப்போதும் ஒரு முழுத் தம்ளர் நீரில் கலந்து உடனே குடித்து, மேலும் ஒரு தம்ளர் நீர் குடிக்க வேண்டும். படுக்கப் போகுமுன் குடிக்க வேண்டாம்.

தண்ணீர் எவ்வளவு?

இதய நோயோ சிறுநீரக நோயோ இல்லாதவருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். அக்னி நட்சத்திர நாட்களில் அதற்கும் கூடுதலாகத் தேவைப்படும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறார் என்று கொள்ளலாம். ஒரே மூச்சில் ஒரு செம்பு குடித்தால் வயிறு உப்பும். அரைத் தம்ளராக மணிக்கொரு முறை கொடுங்கள். கஞ்சித் தண்ணீர், நீர்மோர், இளநீர், வடித்த பழச்சாறு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். நுங்கு குளிர்ச்சிதான், ஆனால் முற்றாத இளம் நுங்காக, தோல் நீக்கியதாக இருக்க வேண்டும். பழைய சோற்று நீராகாரத்தை முதல் சில வாரம் தவிர்ப்பது நல்லது. இரவெல்லாம் ஊறிய நீரின் சுத்தத்தை நம்மால் உறுதி செய்ய முடியாது. காலையில் ஒரு காபி குடிப்பதை எங்கள் மருத்துவர் தடுக்கவில்லை. பெருங்குடல் அறுவைக்குப் பின் காபி குடித்தவர்களுக்குக் குடல் சற்று முன்னதாக அசையத் தொடங்கியதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

நிலாவாரை நம் ஊர் மூலிகைதானே? விளக்கெண்ணெய் காலங்காலமாகக் குடித்ததுதானே? கொடுத்தால் என்ன?

நிலாவாரையைப் பற்றிப் பெருமைப்பட நமக்குக் காரணம் உண்டு. உலகெங்கும் மருந்து நூல்களில் அது திருநெல்வேலி சென்னா என்று நம் ஊர்ப் பெயரோடுதான் வழங்குகிறது; நம் வானம் பார்த்த கரிசல், செம்மண் நிலங்களில் விளைந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. ஆனால் அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதிலுள்ள சென்னோசைடு என்னும் பொருளைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உடைத்து மாற்ற, அப்படி மாறியது குடல் சுவரைத் தூண்டிச் சுருங்கச் செய்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் பேதியாகும். விளக்கெண்ணெயும் குடலை வலுவாகச் சுருங்க வைப்பதே. ஆறிக்கொண்டிருக்கும் இணைப்பின்மீது அப்படி ஒரு இழுப்பு விழுவது நல்லதல்ல. உள்ளே அடைப்பு இருந்தால் ஆபத்தே. கைப்பிடியால் அள்ளிப் போடும் பொடியில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பதும் எவருக்கும் தெரியாது.

இதைச் சித்த மருத்துவத்தைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாளையங்கோட்டையிலேயே 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் “இந்தத் தேதியில் குடலை வெட்டி இணைத்திருக்கிறார்கள்” என்று சொல்லிப் பாருங்கள், அவரே பேதி மருந்தைத் தள்ளி வைப்பார். பின்னாளில் அறுவை மருத்துவர் சென்னா மாத்திரையை அளவு குறித்து எழுதிக் கொடுத்தால் தயங்காமல் கொடுங்கள். அளவும் நேரமும் தெரிந்து கொடுப்பதும், அத்தை சொன்னதால் கொடுப்பதும் ஒன்றாகாது.

மருத்துவர்கள் பொதுவாக எந்த மலமிளக்கியைத் தருகிறார்கள்? எனிமா வைக்கலாமா?

லாக்டுலோஸ் என்னும் இனிப்பான திரவமும், நீரில் கரைத்துக் குடிக்கும் பாலிஎதிலீன் கிளைகால் பொடியும் அதிகம் எழுதப்படுகின்றன. இரண்டும் குடலுக்குள் நீரை நிறுத்தி மலத்தை இளக்குகின்றன. இவை வேலை செய்ய ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஆகும் என்பதை மறந்து, முதல் நாள் இரவே “கேட்கவில்லை” என்று அளவை இரட்டிப்பாக்கி, மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கில் தவிப்பவர்கள் உண்டு. லாக்டுலோஸ் சிலருக்கு வாயுவை உண்டாக்கும். மலம் நீர்த்துவிட்டால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். எனிமாவையும் ஆசனவாயில் வைக்கும் மருந்தையும், மலக்குடலுக்கு அருகில் இணைப்பு உள்ளவருக்கு, அறுவை மருத்துவரின் சொல் இல்லாமல் வைக்கவே கூடாது. குழாயின் நுனி இணைப்பைக் குத்திவிடக்கூடும்.

கழிப்பறையில் எப்படி உட்கார வேண்டும்? முக்கினால் தையல் பிரியுமா?

குந்தி உட்காரும் நிலையில் மலக்குடல் நேராகி மலம் எளிதாக இறங்கும் என்பது உண்மை. ஆனால் வயிற்றில் நீண்ட கீறல் உள்ளவர் முதல் வாரங்களில் குந்தி எழுவது கடினம், தலை சுற்றி விழவும் கூடும். நாற்காலி போன்ற கழிப்பறையில் உட்கார்ந்து, பாதங்களுக்கு அடியில் ஓரடிக்குக் குறைவான உயரமுள்ள பலகையை வைத்து, முழங்கால் இடுப்புக்கு மேலே வரும்படி செய்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றிச் சற்று முன்னே சாய்ந்தால், குந்திய நிலையின் பயன் கிடைத்துவிடும். வீட்டில் பழைய முறைக் கழிப்பறை மட்டுமே இருந்தால், நடுவில் துளையுள்ள நாற்காலியை மருத்துவக் கருவிக் கடைகளில் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள்.

காலை உணவு முடிந்து அரை மணிக்குள் குடலில் ஓர் அசைவு எழும். தினமும் அந்த நேரத்தில் போய் உட்காருவது பழக்கமானால் உடலே கேட்கத் தொடங்கும். பத்து நிமிடத்தில் வராவிட்டால் எழுந்துவிடலாம். மூச்சை அடக்கி முக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, தையல் போட்ட தசைச் சுவர் பலவீனப்பட்டு, நாளடைவில் அங்கே குடல் பிதுங்கலாம். கீறலின்மேல் சிறு தலையணையை அணைத்துக்கொண்டு, வாயால் மெதுவாக மூச்சை விட்டபடி உட்காருங்கள். மிருதுவான மலம் தானாக வெளியேறுவதால் தையல் பிரிவதில்லை என்பதை நோயாளிக்கு அடிக்கடி சொல்லுங்கள்.

எவ்வளவு நடக்க வேண்டும்? எப்போது வேலைக்குத் திரும்பலாம்?

மருத்துவமனையிலேயே முதல் நாளோ மறுநாளோ எழுப்பி நடக்க வைப்பது குடல் அசையத்தான். வீட்டில் ஐந்து நிமிட நடையாக நாளுக்கு நான்கைந்து முறை என்று தொடங்கி, வாரந்தோறும் கூட்டுங்கள். வெயிலுக்கு முன்பும் பொழுது சாய்ந்தும் தெருவில் நடக்கலாம். டவுனில் இருப்பவர்களுக்கு நெல்லையப்பர் கோயிலின் நீண்ட பிராகாரம் நிழலான நல்ல இடம். ஆறு வாரத்துக்கு நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது; நிறைகுடம் தண்ணீர் பத்துக் கிலோவைத் தாண்டும் என்பதால், குழாயடி வேலையை வீட்டில் வேறு எவராவது ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

முக்கூடல், கடையநல்லூர், மேலப்பாளையம் பக்கங்களில் பீடி சுற்றும் பெண்களைப் பற்றி எனக்குத் தனிக் கவலை உண்டு. கூலி சுற்றிய எண்ணிக்கைக்குத்தான் என்பதால், மடியில் சுளகை வைத்துக் குனிந்தபடி மணிக்கணக்காக உட்கார்ந்து, எழுந்தால் நேரம் போகும் என்று தண்ணீரையும் குறைத்து, வருகிற உணர்வையும் அடக்குகிறார்கள். அறுவை ஆனவர் மருத்துவர் அனுமதித்த பிறகும், சுளகை உயரமான பலகையில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து, அரை மணிக்கொரு முறை எழுந்து நடந்து, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும்.

நான்கு நாள் வரவில்லை. இப்போது நீராக ஒழுகுகிறது. சிக்கல் தீர்ந்ததா?

தீராமலும் இருக்கலாம். இறுகிய மலம் கீழே அடைத்திருக்க, அதைச் சுற்றி நீர்மலம் மட்டும் கசிவது உண்டு. அதை வயிற்றுப்போக்கு என்று எண்ணி நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் நிலை மோசமாகும். மலக்குடலின் பெரும்பகுதியை அகற்றியவர்களுக்கு, சேமிக்கும் இடம் குறைந்துவிட்டதால், சிறிது சிறிதாகப் பலமுறை வருவதும் உண்டு. அது வேறு பிரச்சினை, மருத்துவமும் வேறு. எதுவென்று சோதித்துத்தான் சொல்ல முடியும்.

வயிற்றில் பை வைத்திருப்பவருக்கு?

குடலை வயிற்றுச் சுவரில் திறந்து, மலம் பையில் சேரும்படி செய்திருப்பவர்களைப் பற்றிய கேள்வி இது. பெருங்குடலைத் திறந்து வைத்த பையாக இருந்தால் மலச்சிக்கல் வரலாம். மேலே சொன்னவை பொருந்தும். சிறுகுடலைத் திறந்து வைத்ததாக இருந்தால் நிலை வேறு. அங்கே நான்கைந்து மணி நேரம் பையில் எதுவும் விழாமல் வயிறு முறுக்கினால் அது அடைப்பு என்றே கருதி உடனே புறப்பட வேண்டும். மலமிளக்கி கொடுக்கவே கூடாது. அவர்களுக்கு உப்பும் நீரும் சேர்ந்தே வெளியேறுவதால், வெறும் தண்ணீருக்குப் பதில் ஓ.ஆர்.எஸ். கரைசலை மருத்துவர் சொன்ன அளவில் கொடுங்கள்.

சாரல் காலம் வந்துவிட்டது. குற்றாலம் போகலாமா?

போய்க் காற்று வாங்கலாம், அருவிக்கு அடியில் நிற்க வேண்டாம். அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற நீரின் அடியும், வழுக்குப் பாறையும், கூட்டத்தின் நெரிசலும் ஆறாத வயிற்றுக்கு ஆகாது. நீண்ட பஸ் பயணத்தில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வருவதுதான் மறுநாள் மலச்சிக்கலுக்குக் காரணமாகிறது. இடையில் இறங்கி நடக்கும்படி பயணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசும்போது என்ன சொல்ல வேண்டும்?

அறுவை நடந்த தேதி, எந்தப் பகுதி அகற்றப்பட்டது, கடைசியாக மலம் வந்தது எப்போது, அது எப்படி இருந்தது, காற்று பிரிகிறதா, வாந்தி உண்டா, வயிறு உப்பியிருக்கிறதா, காய்ச்சல் எத்தனை டிகிரி, இன்று குடித்த தண்ணீர் எவ்வளவு, எந்தெந்த மாத்திரை ஓடுகிறது. நாங்கள் இவற்றையெல்லாம் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அன்றன்று எழுதிவைத்தோம். இரவு பதினோரு மணிக்கு நடுங்கிய குரலில் அழைத்தபோது, அந்தத் தாளைப் பார்த்து வாசித்ததால், மறுமுனையில் இருந்த பணி மருத்துவர் இரண்டே நிமிடத்தில் “பயப்பட வேண்டாம், காலையில் லாக்டுலோசைக் கூட்டிக் கொடுங்கள், வாந்தி வந்தால் மட்டும் உடனே கிளம்பி வாருங்கள்” என்று சொல்ல முடிந்தது.